வண்டு விழாத மூட்டைகள்

பருப்பை நல்ல வெயிலில் காயவைத்து மூட்டை கட்டினால் லேசில் வண்டு விழாது. எங்கள் முதலாளி பார்த்துப் பார்த்து வாங்கும் சரக்கு அப்படிப்பட்டது. கையில் அள்ளினால் கலகலவென்று சத்தம் கேட்கும். இதை முதலில் சொல்லிவிடுகிறேன் ஐயா, அந்தக் கடையைப் பற்றி நீங்கள் தப்பாக நினைத்துவிடக் கூடாது.

சின்னக் கடைதான். முன்னால் வியாபாரம், பின்னால் கிடங்கு, கிடங்குக்குள் ஒரு பரண். முதலாளி, கல்லாவில் அவர் மனைவி, மூட்டை தூக்க மூன்று பேர், கிடங்குக்கு நான். வருகிற சரக்கை நிறுத்து இறக்குவதும், போகிற சரக்கை நிறுத்து ஏற்றுவதும், கெட்டதை ஒதுக்கி வைப்பதும் என் பொறுப்பு. கெட்டது என்றால் வண்டு விழுந்தது. அதை மாட்டுத் தீவனக்காரர் வந்து எடுத்துப் போவார். கடைக்கு அற்ப விலை கொடுப்பார். உண்மை விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பகுதியைத் தெருமுனையில் வைத்து என்னிடம் கொடுப்பார். ஏனென்றால் நான் ஒதுக்கிய மூட்டைகளில் வண்டு இருந்ததில்லை.

இதற்குத் திருட்டு என்று பெயர். நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அந்தச் சொல் வாயில் வருவதில்லை.

பெண் பார்க்கப் போன இடத்தில் நான் ஒரே ஒரு பொய் சொன்னேன். கடையில் என்ன வேலை என்று கேட்டார்கள். பங்குதாரர் என்றேன். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனை வருஷமும் தீனி போட்டேன். மைத்துனர் போனில் பேசும்போதெல்லாம் இழுப்பார்: "என்ன மாப்ளே, அரைக் கடைக்குச் சொந்தக்காரர். தங்கச்சி இன்னும் என் வீட்டு மூலையில கிடக்கிறா. ஒரு வீடு கட்டிப் போட்டா என்ன, கையா தேஞ்சுடும்?" மனைவியும் பிள்ளைகளும் அவர் வீட்டில்தான் இருந்தார்கள். வீட்டைக் கட்ட ஆரம்பித்தேன். சுவர் எழுந்து நின்றது. சுவர் எழுந்தபிறகு வண்டு குறைய முடியாது, பாருங்கள்.

முதலில் மோப்பம் பிடித்தது முதலாளியின் மனைவி. ஒருநாள் கல்லாவில் இருந்தபடியே சொன்னார், "ஏங்க, ஊர்ல இருக்கிற வண்டுக்கெல்லாம் நம்ம கடையிலதான் பந்தியா?"

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகம் செத்துப்போயிருந்தது. "எவனோ கை வைக்கிறான்ப்பா. கடை தாங்காது. நீதான் கண்டுபிடிக்கணும். உன்னை விட்டா நான் யாரை நம்புவேன்?"

நான் அந்த வேலையை உண்மையாகவே செய்தேன். சிரிக்காதீர்கள். ஒரு சின்னக் கடையில் திருட்டு எப்படி நடக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? கிடங்குக்குள் போகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்று சட்டம் போட்டேன். தானியம் மிதிபடாது, செருப்பை எண்ணினால் உள்ளே யார் யார் என்றும் தெரிந்துவிடும். அடுத்தது லீவு. திருடுகிறவன் லீவு எடுக்க மாட்டான், அவன் இடத்தில் இன்னொருவன் வந்து உட்கார்ந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே எல்லோரும் முறைவைத்து ஒரு வாரம் கட்டாயம் லீவில் போக வேண்டும், அந்த வேலையை வேறொருவர் பார்க்க வேண்டும் என்றேன்.

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "மூளைக்காரன்யா நீ. முதல்ல நீயே போ. அப்பதான் மத்தவனும் வாயைத் திறக்காமப் போவான்."

நான் போட்ட சட்டத்துக்கு நானே என்ன மறுப்புச் சொல்வது? பூனை தன் கழுத்தில் தானே மணி கட்டிக்கொண்டது. அறையில் ஒரு வாரம் கூரையைப் பார்த்துப் படுத்துக்கிடந்தேன். என் இடத்தில் ஒட்டகம் உட்கார்ந்தான்.

ஒட்டகம் என்பது அவனுக்குக் கடையில் வைத்த பெயர். மூட்டை தூக்குகிறவன். பனைமர உயரம், கழுத்து முன்னால் நீண்டிருக்கும். கிடங்கு நிலைப்படியில் தலை இடிக்காத நாள் கிடையாது. "டேய், நிலைப்படிக்கு வலிக்கப் போவுதுடா" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். அவன் குடியிருந்த கட்டடத்தை இடித்துவிட்டதால் போக இடமில்லாமல் என்னிடம் வந்து நின்றான். "வேற இடம் கெடைக்கிற வரைக்கும் பரண்ல படுத்துக்கவாண்ணே?" என்றான். "ஒட்டகத்துக்கு இடம் கொடுத்தா கூடாரம் போயிடுமே" என்றேன். அவனும் சிரித்தான். இடம் கொடுத்தேன். முதலாளிக்குத் தெரியாது, எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். தினமும் நான் கிடங்கைப் பூட்டும்போது அவன் உள்ளே இருப்பான், திறக்கும்போது எழுந்து வருவான். இதை எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. நான் இரக்கம் இல்லாதவன் இல்லை.

லீவு முடிந்து வந்தேன். முதலாளி சரக்கு வாங்க மனைவியோடு வெளியூர் போயிருந்தார். குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த ஒட்டகம் என்னைப் பார்த்ததும் கேட்டான்:

"அண்ணே, வண்டு எங்கண்ணே?"

"எந்த வண்டு?"

"ஓரமா ஒதுக்கி வெச்ச மூட்டையில எல்லாம் முழங்கை வரைக்கும் விட்டுப் பார்த்துட்டேன். ஒண்ணுகூட இல்ல. உளுத்துப்போன பருப்புன்னா கையில மாவு ஒட்டும்ல? ஒட்டவே இல்லண்ணே."

"பறந்து போயிருக்கும்டா."

அவன் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தப்பு செய்தவன் அவன் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். "முதலாளி வந்ததும் நீங்களே சொல்லிடுங்கண்ணே. நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிடும். நீங்க எனக்கு இடம் கொடுத்தவரு."

"நான் சொல்லலைன்னா?"

"சொல்லிடுவீங்கண்ணே" என்றான்.

உனக்கும் ஒரு பங்கு தருகிறேன் என்றேன். வேண்டாம், படுக்க இடம் இருக்கிறது, போதும் என்றான். பேராசைக்காரனாக இருந்தால் இன்று உயிரோடு இருப்பான். அதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

அன்று மனைவியிடம் போனில் பேசினேன். மேல்தளம் போட நாள் குறித்துவிட்டார்களாம். சும்மா கேட்கிறமாதிரி கேட்டேன், நான் பங்குதாரரே இல்லை என்றால் என்ன செய்வாய் என்று. "என்ன செய்யறது? எங்கண்ணி எச்சில் தட்டைக் கழுவிக்கிட்டே சாவ வேண்டியதுதான்" என்றாள். பிறகு, "ஏன் அப்படிக் கேட்டீங்க?" என்றாள். விளையாட்டுக்கு என்றேன். கதவு இல்லாத அறையில் மாட்டிக்கொண்டவன் சுவரைத் தடவுவான் இல்லையா, அப்படித் தடவினேன்.

முதலாளிக்குப் போன் போட்டேன். "வண்டு கட்டுக்கடங்காம போயிடுச்சு. நீங்க வர்றதுக்குள்ள கிடங்கை மூடிப் புகை மருந்து வெச்சிடலாமா?"

"செய்யிப்பா. உன் கடை மாதிரி நினைச்சுச் செய்யி" என்றார்.

அடுத்து ஒட்டகத்திடம், உன் லீவு முறை வந்துவிட்டது என்றேன்.

"எங்கண்ணே போவேன்?"

"சட்டம்னா எல்லாருக்கும்தான். நான் போகலையா?"

போனான். பகலெல்லாம் தெருத்தெருவாக நடந்திருக்கிறான். மழை வேறு. பொழுது சாயும்போது பின்வாசலில் நின்றான், பல் தந்தியடித்தது, உடம்பு கொதித்தது. "இன்னிக்கு மட்டும்ணே. விடிஞ்சதும் போயிடுறேன்." நான் மறுக்கவில்லை. மருந்துக் கடைக்குப் போய்க் காய்ச்சல் மாத்திரை வாங்கிவந்தேன், தூக்கத்துக்கு ஒன்றும் சேர்த்து. சூடாகப் பால் வாங்கிக் கொடுத்தேன். "உங்க கடனை எப்படிண்ணே அடைப்பேன்?" என்று சொல்லிவிட்டுப் பரணில் ஏறினான்.

விடிந்ததும் மருந்து வைக்கிறவர் ஆட்களோடு வந்துவிட்டார். வாய் ஓயாத மனுஷன். கிடங்கு வாசலில் நின்று சத்தமாகக் கேட்டார், "உள்ள எலி, பூனை, மாமியார் யாரும் இல்லையே? வெச்சு மூடிட்டா அப்புறம் எமன்கிட்டதான் சாவி."

"எங்க கடைச் சட்டம் தெரியாதா உங்களுக்கு?" என்று வாசலைக் காட்டினேன். "செருப்பு இல்லைன்னா உள்ள ஆள் இல்ல."

"அட, இது நல்லா இருக்கே. எல்லாக் கடையிலயும் உங்களை மாதிரி ஒருத்தர் வேணும்" என்றார். பரணுக்கும் மருந்து வைக்கணுமா என்று கேட்டார். அங்கே சரக்கு ஒன்றுமில்லை என்றேன். அதுவும் பொய்யில்லை. உள்ளே வேலையை முடித்துவிட்டு வந்து, கதவு இடுக்கெல்லாம் நாடா ஒட்டினார்கள். நானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். பிறகு எல்லோருமாகத் தேநீர் குடிக்கப் போனோம்.

மூடி வைக்க வேண்டிய கெடு முடிந்து கிடங்கைத் திறந்தபோது முதலாளி வந்திருந்தார். அவர் மனைவி பரணைப் பார்த்துவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டார். அழுது ஓய்ந்தபின் அவரே சொன்னார், "லீவுன்னு போனவன் உள்ள எதுக்குப் பதுங்கினான்? இவன்தாங்க. இத்தனை நாளும் இவன்தான்." நான் ஒட்டகத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை.

அதன்பின் கடையில் ஒரு மூட்டைகூட வண்டு விழவில்லை. முதலாளி அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனார். ஒருநாள் என் தோளில் கைபோட்டு, கடையில் எனக்கும் ஒரு சின்னப் பங்கு எழுதப்போவதாகச் சொன்னார். எழுதியும் கொடுத்தார். பெண் வீட்டில் நான் சொன்னது பொய் இல்லை என்று ஆகிவிட்டது. இத்தனைக்குப் பிறகு நான் அந்தக் கடையில் எதையும் தொட்டதில்லை. அங்கே திருட்டை ஒழித்தது யார் என்று நீங்களே முதலாளியைக் கேட்டுப்பாருங்கள்.

ஒட்டகத்தின் அக்கா அவன் சாமான்களை வாங்கிப்போக வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவனுக்கு அப்படி ஒருத்தி இருப்பதே எனக்குத் தெரியாது. சட்டை, போர்வை, டம்ளர் எல்லாவற்றையும் மடியில் வாங்கிக்கொண்டு கேட்டாளாம், "செருப்பு எங்கே? அவன் காலுக்குக் கடையில கிடைக்காதுன்னு நான்தானே சொல்லித் தைச்சு அனுப்பினேன். என் தம்பி வெறுங்காலோடயா உள்ள போனான்?" அந்தக் கேள்விதான் உங்களை என் அறை வரைக்கும் கூட்டிவந்திருக்கிறது.

ஆமாம் ஐயா, உங்கள் மேசைமேல் இருப்பது அதுதான். காய்ச்சலில் நிற்க முடியாதவன், நான் போட்ட சட்டத்தை மீறாமல் வாசலில் ஜோடியாகக் கழற்றி வைத்திருந்தான். மருந்துக்காரர் வருவதற்கு முன்னால் நான்தான் எடுத்தேன். தூக்கி எறிய மனம் வரவில்லை. துடைத்து, காகிதத்தில் சுற்றி, பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தேன். வேண்டுமானால் பிரித்துப் பாருங்கள், வார்கூட அறுந்திருக்காது. அடுத்தவன் பொருளுக்கு ஆசைப்படுகிறவன் இல்லை நான்.