வெறும் ஒயர்தாங்க, பயப்படாதீங்க

பிரேக் விளக்கு எரிகிறது என்று பதறிக்கொண்டு வருகிற கார்களில் பாதிக்கு மேல் பிரேக்கில் ஒரு கோளாறும் இருக்காது, மேடம். இது ஒன்று புரிந்துவிட்டால் எழிலரசியின் கார் விஷயத்தில் மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபமாகப் புரியும். வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்களே, ரியாசுதீன், அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மீட்டரில் சிவப்பாக ஒரு விளக்கு இருக்கும். ஹேண்ட்பிரேக் இழுத்தாலும் அதுதான் எரியும், பிரேக் ஆயில் குறைந்தாலும் அதுதான் எரியும். ஹேண்ட்பிரேக்குக்குப் போகிற ஒயர் எங்காவது உரசித் தோல் உரிந்து வண்டியின் தகட்டைத் தொட்டாலும் அதேதான். இதில் எது என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. வேங்கிக்காலில் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் மணிவேல் என்றால் யாரும் கைகாட்டுவார்கள். சில கடைகளில் விளக்கு எரிந்தாலே கண்ணை மூடிக்கொண்டு பிரேக்கை மாற்றி அனுப்பிவிடுவார்கள். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

எழிலரசி முதல் தடவை வந்தபோது முகம் வெளிறிப் போயிருந்தது. இங்கே அரசு அலுவலகத்தில் வேலை, கீழ்பென்னாத்தூரில் வீடு. கணவர் மாறனுக்குச் சென்னையில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். எழிலரசி தினமும் தானே காரை ஓட்டிக்கொண்டு வந்து போவார்.

"அண்ணா, செவப்பு லைட்டு விட்டு விட்டு எரியுது. பிரேக் புடிக்காம போயிடுமா?"

பார்த்தேன். சீட்டுக்கு அடியில் ஒயர் உரசியிருந்தது. டேப் சுற்றினேன், விளக்கு அணைந்தது. "வெறும் ஒயர்தாங்க, பயப்படாதீங்க" என்றேன். அவர் நெஞ்சில் கை வைத்து ஒரு பெருமூச்சு விட்டுச் சிரித்தார். என் முன்னால் ஒருவர் அப்படி நிம்மதியாகச் சிரித்துப் பல காலம் ஆகியிருந்தது.

டேப்பிலும் தரம் உண்டு, மேடம். நல்ல டேப்பைச் சுற்றி மேலே ஸ்லீவ் என்கிற பிளாஸ்டிக் உறையை மாட்டினால் வண்டி இருக்கிறவரை இருக்கும். மட்டமான டேப் என்றால் நம்ம ஊர் வெயிலுக்குப் பசை இளகிச் சில வாரத்தில் அவிழ்ந்துகொள்ளும். முதல் நாள் கையில் கிடைத்தது மட்டமான டேப். அடுத்த முறை தெரிந்தே அதைச் சுற்றினேன். அது தீர்ந்தபோது பஜாரில் தேடி அதையே வாங்கினேன்.

நான் எதையும் வெட்டவில்லை. விளக்கு எரியும், அவர் வருவார், என் கடை நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிப்பார், மகள் ஓவியாவின் படிப்பைப் பற்றிப் பேசுவார். வெறும் ஒயர்தான் என்பேன், சிரிப்பார். இதில் யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று? அண்ணா என்றுதான் என்னைக் கூப்பிடுவாள். இந்த ஊரில் எல்லோரும் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவள் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் அவர் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

எதிர் ஷெட்டில் பிரேக் வேலை பார்க்கிற ரியாசுதீன் ஒருநாள் அவள் எதிரிலேயே கேட்டார்.

"இன்னா மணி, ஒரே ஒயரு எத்தினி வாட்டிதான் புட்டுக்கும்? ஒரு ஸ்லீவ் போட்டு உடேன்பா."

எனக்கு வியர்த்துவிட்டது. ஆனால் அவள், "மணி அண்ணாவுக்குத் தெரியாததா பாய்?" என்றாள். அன்று சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன பௌர்ணமிக்கு முந்தின நாள் வந்தாள். வழக்கம்போல சீட்டுக்கு அடியில் கை விட்டேன். டேப் அவிழாமல் அப்படியே இருந்தது. பானட்டைத் திறந்தால் பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது. பின்சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தது. இந்த முறை விளக்கு நிஜமாகவே எரிந்திருக்கிறது.

வண்டியை எதிர் ஷெட்டுக்குத் தள்ளியிருக்க வேண்டும். அவளுக்குப் பின்பிரேக் மாற்றிக் கொடுத்ததே ரியாசுதீன்தான். ஆனால் அவர் சும்மா இருக்க மாட்டார். விளக்கைப் பார்ப்பார், சீட்டைத் தூக்குவார், டேப்பைப் பார்த்துவிட்டு அவள் எதிரிலேயே வாயைத் திறப்பார். அதற்குப் பிறகு அவள் என் கடைக்கு டீ குடிக்க வருவாளா? நீங்களே சொல்லுங்கள்.

ஆயிலை ஊற்றி நிரப்பினேன். விளக்கு அணைந்தது.

"அதே ஒயராண்ணா?"

"அதேதாங்க."

சிரித்தாள். யாரும் இல்லாத நேரம் பார்த்து நானே அந்தச் சக்கரத்தைக் கழற்றிச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். நிஜமாகவே நினைத்திருந்தேன், அதையும் எழுதுங்கள்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் போன் வந்தது. ஆபீஸ் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் வண்டியை ஓரம்கட்டி, கீழே இறங்கி நின்று பேசினாள். அவ்வளவு ஜாக்கிரதையானவள்.

"அண்ணா, லைட்டு அணையவே மாட்டேங்குது. பெடலு வேற மெத்துனு உள்ள போவுது. இங்க எதிர்லயே ஒரு மெக்கானிக் கடை இருக்குது, காட்டிடட்டுமா?"

கவனியுங்கள், மேடம். வண்டி நின்றுகொண்டிருந்தது. அவள் வெளியே இருந்தாள். எதிரிலேயே கடை இருந்தது. பெடல் உள்ளே போகிறது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எடுக்காதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்றைக்கு ஆபீஸில் உட்கார்ந்திருப்பாள். ஆனால் யாரோ முன்பின் தெரியாதவன் பானட்டைத் திறந்து, இது எப்போதிலிருந்தோ ஒழுகுகிறதே, உங்கள் எலெக்ட்ரீசியன் சொல்லவில்லையா என்று அவளிடம் கேட்பான்.

"கண்டவங்க கையில வண்டிய குடுக்காதீங்க. வெறும் ஒயர்தாங்க. பொறுமையா வீட்டுக்கு ஓட்டிட்டுப் போங்க, காலைல நான் பாக்கறேன்" என்றேன்.

"நீங்க சொன்னா சரிண்ணா. பயந்தே போயிட்டேன்."

சிரிக்கிற சத்தம் கேட்டது. அடுத்த வளைவில் கடலை மூட்டை ஏற்றிய டிராக்டர் நின்றிருந்ததும், அவள் மிதித்தும் கார் நிற்காததும் உங்களுக்கே தெரியும். பொறுமையாகப் போகச் சொல்லித்தான் நான் அனுப்பினேன்.

மறுநாள் பூமாலை வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். ஓவியா அழுதுகொண்டே, "அந்த லைட்டு எதுக்கு மாமா எரிஞ்சுது?" என்று கேட்டது. ஒயர்தாம்மா என்றேன். தலையாட்டியது.

நான் இங்கே வந்திருக்கவே வேண்டியதில்லை. யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, மாறன்கூட என் தோளில் சாய்ந்துதான் அழுதார். ஆனால் பின்பிரேக் போட்ட ரியாசுதீன்தான் காரணம் என்று மாறன் புகார் கொடுத்ததிலிருந்து, டீக்கடையில்கூட அவள் பேரோடு ரியாசுதீன் பேரைத்தான் சேர்த்துச் சொல்கிறார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவளுக்கு அவர் யாருமே இல்லை. அவளைக் கொன்றது நான்தான். அவளுடைய போன் உங்களிடம்தானே இருக்கிறது, எடுத்துப் பாருங்கள் மேடம். அவ்வளவு பயத்திலும் அவள் புருஷனைக் கூப்பிடவில்லை. என்னைத்தான் கூப்பிட்டாள்.