வெள்ளைப் பக்கம்

பின்லாந்துக்காரர்களுக்குக் காபி என்றால் உயிர், ஆனால் ஏலக்காய் போட்டால் முகம் சுளிப்பார்கள். அதனால் அவர்களுக்கு மட்டும் தனியாகப் போடுவேன். தெற்கு லெபனானில் எங்கள் ஊர் மேட்டிலுள்ள அமைதிப்படை முகாமில் நான்கு நாட்டு வீரர்கள் இருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் மாறிவிடுவார்கள். பன்னிரண்டு வருடமாக மாறாதவன் மொழிபெயர்ப்பாளனான நான்தான். விசாரணை அதிகாரி கேட்டதால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

ஒலிவத் தோப்புக்குப் போகும் வழியில் படையினர் வரிசையாகக் கல் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கல்லிலும் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு. வெள்ளைப் பக்கம் நடக்கலாம், சிவப்புப் பக்கம் கண்ணிவெடி. ஊர்க்காரர்கள் கல்லைப் பார்ப்பதில்லை; காலுக்கே வழி தெரியும். புதிதாக வருகிறவர்கள்தான் பார்த்து நடப்பார்கள்.

அண்ணன் கஸ்ஸான் முப்பது வருடம் கழித்து ஆப்பிரிக்காவிலுள்ள அபிஜானிலிருந்து வந்தான். தோப்பு அப்பா அவன் பெயரில் எழுதிவைத்தது.

"முப்பது வருஷம் என் மரத்துல தொப்பையை வளத்தியே, போதும்டா. வெட்டிட்டு வீடு கட்டப்போறேன்" என்று சிரித்தான்.

எனக்குப் பிள்ளைகள் இல்லை. நூற்றுப்பத்து மரங்கள் இருந்தன. அவன் சிரித்தது எனக்குப் பொறுக்கவில்லை.

படை மாறும் வாரம் வரை காத்திருந்தேன். பதினொரு கற்களைத் திருப்பி வைத்தேன். அவ்வளவுதான். ஊரில் யாருக்கும் ஆபத்து வராது என்று யோசித்துத்தான் செய்தேன்.

தோப்பைப் பார்க்க அண்ணன் கிளம்பியபோது காவலுக்குப் பின்லாந்துப் படையின் புது லெப்டினன்ட் யூஹானி வந்தார். இருபத்தாறு வயது. கற்களையும் வரைபடத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இதுல வெள்ளை அந்தப் பக்கம் இருக்கே?"

"பழைய வரைபடம் சார். கல்லுதான் சரி."

தலையாட்டிவிட்டு, நான் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். என் பெயரையும் எழுதினார். எழுதியிருக்க வேண்டாம்.

அதற்குள் அண்ணன் முன்னால் போய்விட்டான். நாற்பதாவது அடியில் வெடித்தது. விழுந்தவன் சாகவில்லை, ஒரு கால் இல்லை. லெப்டினன்ட் பயிற்சி பெற்றவர், கல்லருகிலேயே நின்றுவிட்டார். அண்ணன் அரபியில் கத்தினான்.

"அத்திமரத்துப் பக்கம் வரவேணாம்னு சொல்லுடா! அங்க வெடிக்கம்பி கட்டியிருக்கு, இங்கிருந்து தெரியுது! தம்பி, அந்தப் பிள்ளைகிட்ட சொல்லுடா!"

"என்ன சொல்றார்?" என்று கேட்டார் லெப்டினன்ட். குறிப்பேடு அவர் சட்டைப்பையில் இருந்தது.

"அத்திமரத்தை ஒட்டி வந்தா பயமில்லையாம்" என்றேன்.

அவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார்.

இரண்டாவது வெடிக்குப் பிறகும் அண்ணன் கொஞ்ச நேரம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அதை மொழிபெயர்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வருடத்தில் நான் தவறாக மொழிபெயர்த்தது அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான்.