மடுல்சீமைக்குப் போன பால்மா டின்

பதுளை பஸ் நிலையத்தைச் சுற்றி ஏழெட்டுத் தேநீர்க் கடைகள் இருந்தாலும், இஞ்சியைத் தட்டிப் போட்டுப் பாலில்லாத பிளேன்டீ தருகிற கடை ஒன்றுதான். மடுல்சீமை பஸ்ஸின் நடத்துனர் வாஹித் அங்கே மட்டுமே குடிப்பார். மூன்று ஆண்டுகளாக வாரம் ஒருமுறை நான் அவருக்கு வாங்கிக் கொடுத்தேன். பதிலுக்கு அவர் என்னுடைய பால்மா டின் ஒன்றை மலைக்கு மேலே கொண்டுபோவார். இன்னொன்றைக் கீழே கொண்டுவருவார்.

எங்கள் இலக்கிய வட்டத்தின் செயலாளர் சிற்றம்பலம் ஐயா, "தம்பி, என்ன நடந்ததெண்டு முழுக்க எழுதித் தாரும். கூட்டத்தில வாசிக்க வேணும்" என்று கேட்டிருக்கிறார். கேட்டபோது அவருடைய முகம் சரியில்லை. ஆயினும் எழுத்தில் கேட்டது எனக்கு மகிழ்ச்சியே. வாய்ப்பேச்சில் என் நிலைப்பாட்டைப் பலரும் குறைவாகவே புரிந்துகொள்கிறார்கள்.

என் பெயர் மதுசூதனன். உயர்தர வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். நவீன விமர்சனம் எழுதுகிறேன். படைத்தவரை அருகில் வைத்துக்கொண்டு படைப்பை வாசிக்க முடியாது என்பது என் அடிப்படைக் கருத்து. ஒரு கவிஞர் நம் வீட்டுக்கு வந்து இடியப்பம் சாப்பிட்டுவிட்டுப் போனால், அதன்பின் அவருடைய கவிதையில் இடியப்பம்தான் தெரியும். இதை வட்டத்தில் பலமுறை சொல்லியிருக்கிறேன். சிரிப்பார்கள்.

இந்தக் கருத்துக்கு மிகப் பொருத்தமான கலை டெக்னோ இசை என்பதை 2002இல் கண்டுகொண்டேன். பாடகர் இல்லை, முகம் இல்லை, காதல் தோல்வி இல்லை. ஒரே தாளம் எட்டு நிமிடம் நடக்கிறது, ஆறாவது நிமிடத்தில் ஒரு சின்ன மணியோசை சேர்கிறது, கேட்பவருக்கு உலகமே மாறிவிட்டதாகத் தோன்றுகிறது. பஸார் வீதியிலிருந்த இணைய நிலையத்தில் டெக்னோவும் ஹவுஸும் கேட்பவர்களின் இணையக் களம் ஒன்றைக் கண்டேன். கிளாஸ்கோவிலிருந்து ஒருவர், "மழையில் துணி காயப்போடுகிற மனநிலைக்கு ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்பார். ஒரு மணி நேரத்தில் ஒன்பது பேர் ஒன்பது பாடல்களைப் பரிந்துரைப்பார்கள். களத்தின் விதி ஒன்றுதான்: ஒருவர் பரிந்துரைத்ததைக் கேட்டுவிட்டுக் குறைந்தது மூன்று வாக்கியம் எழுதாமல் அடுத்ததைக் கேட்கக் கூடாது. இத்தனை நாகரிகமான விமர்சனச் சூழலை நான் எங்கும் கண்டதில்லை. ஒரு பாடல் இறங்கி முடிய மூன்று மணி நேரமாகும்; அதற்குள் வகுப்புக் கட்டுரைகளைத் திருத்தி முடித்துவிடுவேன்.

அங்கேதான் றுஷாந்தன் வந்தார். மடுல்சீமைத் தேயிலைத் தொழிற்சாலையில் உதவி மெக்கானிக், இருபத்திரண்டு வயது. இயந்திரத்துக்குப் பெல்ட் வாங்கப் பதுளைக்கு வந்தவர், யாருக்கோ தொலைபேசி எடுக்க நிலையத்துக்குள் நுழைந்து, என் ஹெட்போனிலிருந்து கசிந்த ஒலியைக் கேட்டு நின்றுவிட்டார்.

"சேர், இது எங்க ஃபெக்டரி மாதிரியே இருக்குங்க."

"எப்பிடி?"

"கொழுந்து உருட்டுற மெஷினு. பெல்ட்டு லூசானா இப்படித்தான் தாளம் போடும். காலைல வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போற பொம்பளைங்ககூட அந்தத் தாளத்துக்கே நடப்பாங்க. பெரிய கங்காணியும் நடப்பாரு, ஆனா ஒத்துக்க மாட்டாரு."

அடுத்த வாரமே முதல் பால்மா டின் வந்தது. உள்ளே செய்தித்தாளில் சுற்றிய ஒரு சீடியும், கொப்பித்தாளில் ஒரு கடிதமும். ஏற்கெனவே பழைய கணினி ஒன்றை வாங்கி, தொழிலாளர் குடியிருப்பான லயத்து அறையில் வைத்து, இயந்திரங்களின் ஒலியைப் பதிந்து அவரே கட்டிய இசை அது. கொழுந்து வாட்டும் தளத்து விசிறிகளின் நீண்ட மூச்சு. அதன் கீழே உருளையின் நடை. ஏழாவது நிமிடத்தில் தொழிற்சாலைச் சங்கு. நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன்.

மடுல்சீமையில் அவருக்கு இணையம் கிடையாது, ஆங்கிலமும் போதாது. ஆகவே ஒரு முறையை வகுத்துக்கொண்டோம். அவர் டின்னில் இசையும் கடிதமும் அனுப்புவார். நான் மொழிபெயர்த்து அவர் பெயரில் களத்தில் இடுவேன். வரும் பதில்களைத் தமிழாக்கி, மற்றவர்கள் பரிந்துரைத்த பாடல்களையும் சீடியில் எழுதி, டின்னில் திருப்பி அனுப்புவேன். களத்துக்கும் மலைக்கும் நடுவே நானும் வாஹித்தும் மட்டுமே இருந்தோம். வாஹித் டின்னைத் திறந்ததில்லை.

முதலில் எழுத்துப் பிழைகளைத்தான் திருத்தினேன். பிறகு, "ஹலோ ஃபிரெண்ட்ஸ், எல்லாரும் சொகமா?" என்று அவர் தொடங்குவதை நீக்கினேன். இசைக்கு அது பொருந்தவில்லை. பிறகு பதில்களையும் கவனிக்க வேண்டியதாயிற்று. ரொட்டர்டாமிலிருந்து மார்ட்டன் என்பவர், இந்த ஆண்டில் தான் கேட்டவற்றுள் இதுவே சிறந்தது என்று எழுதினார். கிளாஸ்கோக்காரர் துணி காயப்போடுவதையே மறந்துவிட்டதாக எழுதினார். இளம் கலைஞரிடம் இதையெல்லாம் அப்படியே கொடுப்பது பொறுப்பில்லாத செயல். "கேட்டோம். முயற்சி தெரிகிறது. இன்னும் பக்குவம் வேண்டும்" என்று சுருக்கி அனுப்பினேன். அவர் கூடுதலாக உழைத்தார், இசை மேம்பட்டது. என் முறைக்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

2004 மார்ச்சில் மார்ட்டன் ஓர் அழைப்பு அனுப்பினார். ரொட்டர்டாமில் மூன்று மாதம் தங்கி, நல்ல ஒலிப்பதிவுக் கூடத்தில் ஓர் இசைத்தட்டு செய்ய வேண்டும். விசாவும் பயணச்சீட்டும் அவர்கள் பொறுப்பு. நான் இரண்டு நாள் நடுநிலையோடு சிந்தித்தேன். ரொட்டர்டாமில் தேயிலைத் தொழிற்சாலை இல்லை. அங்கே போனால் அவர் பேட்டி கொடுப்பார், புகைப்படத்துக்கு நிற்பார், இடியப்பம் சாப்பிடுவார். மூன்றாம் நாள் அவர் பெயரில், நன்றியுடனும் நல்ல ஆங்கிலத்திலும், மறுத்து எழுதினேன். அந்த வாரம் அவருக்கு அனுப்பிய டின்னில் ஐந்து பாடல்கள் வைத்தேன், வழக்கமாக மூன்றுதான்.

அந்த ஆண்டு டிசம்பரில் கடல் வந்தது. களத்து நண்பர்கள் பதறிப்போய், "றுஷாந்தன் பாதுகாப்பாக இருக்கிறாரா?" என்று கேட்டார்கள். மடுல்சீமை மலை மேல் இருக்கிறது. கடற்கரைக்குப் பஸ்ஸில் பல மணி நேரம். நான் உடனே பதில் எழுதியிருக்கலாம். ஆனால் நிலையம் இரண்டு நாள் பூட்டியிருந்தது. மூன்றாம் நாள் திறந்து பார்த்தபோது, பதிலில்லாத அந்த இடைவெளியில் அவர்கள் அவருடைய எல்லா இசையையும் மறுபடி கேட்டிருந்தார்கள். மூன்று வாக்கிய விதியை மறந்து பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். அத்தனை கூர்மையான வாசிப்பை என் வாழ்நாளில் கண்டதில்லை. உறவினர்களுடன் நத்தார்ப் பண்டிகையைக் கழிக்கக் கிழக்குக் கரைக்குப் போயிருந்தார் என்றும், திரும்பவில்லை என்றும் எழுதினேன்.

இதை மறைக்க எனக்குக் காரணமில்லை. டிசம்பர் இருபத்தொன்பதாம் திகதி பிற்பகல் மூன்று மணிக்கு, ஒரு கோப்பைத் தேநீருடன், அவரைச் சாகடித்தவன் நானே. அதே பிற்பகல் நான்கு மணிப் பஸ்ஸில் அவருக்கு டின்னும் அனுப்பினேன்.

அதன் பிறகு வந்த மாதங்கள் மிக இனிமையானவை. அவர் அனுப்பிய புதியவற்றை, அவருடைய டின்களில் கண்டெடுத்தவையாகக் களத்தில் இட்டேன். மார்ட்டன் நினைவுத் தொகுப்பொன்று வெளியிட்டார். முன்னுரை நான் எழுதினேன். மே மாதம் றுஷாந்தனிடமிருந்து, "யாருக்கும் புடிக்கலன்னு தெரியுதுங்க சேர். கம்ப்யூட்டர வித்துட்டேன். நீங்க பட்ட கஷ்டத்துக்கு நன்றி" என்று ஒரு கடிதம் வந்தது. வருத்தம்தான். ஆனால் ஒரு கலைஞரின் மொத்தப் படைப்பும் முழுமை பெற்று நம் கையில் இருப்பது விமர்சகருக்கு அரிய வாய்ப்பு. அன்றே என் நூலைத் தொடங்கினேன்.

என் பிழை ஒன்றுதான். அது வாஹித் சம்பந்தப்பட்டது. உடல் பிறகு கிடைத்து மடுல்சீமையில் அடக்கம் செய்தார்கள் என்று களத்தில் எழுதியிருந்தேன்; ஓகஸ்டில் மார்ட்டன் அந்தக் கல்லறையைப் பார்க்கப் பதுளை ரயிலில் வந்து இறங்கினார். ஆறடிக்கு மேல் உயரம். கையில் பஸாரில் வாங்கிய ஒரு கட்டுப் பூ. மடுல்சீமையில் எழுத்து அழிந்த பழைய கல்லறையொன்றை நான் முன்பே பார்த்து வைத்திருந்தேன். அவர் பஸ்ஸில்தான் போவேன் என்றார். அது வாஹித்தின் ஓய்வு நாள். ஆனால் யாருக்கோ பதிலாக அன்று அவரே வந்திருந்தார்.

"என்ன சேர், வெள்ளக்காரர கூட்டிக்கொண்டு? டின் இல்லயா இன்டைக்கி?"

மார்ட்டன் மரியாதையாக நினைவுத் தொகுப்பை எடுத்துக் காட்டினார். அதன் அட்டையில் தமிழ் எழுத்தில் பெயர் வேண்டுமென்று கேட்டு, என்னிடமே எழுதி வாங்கியிருந்தார்.

"அட, நம்ம றுஷாந்தன் தம்பி!" என்று வாஹித் பஸ் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டு, மார்ட்டனின் தோளைத் தட்டினார். "மை ஃபிரெண்ட். குட் போய். நவ் ஃபெக்டரி டியூட்டி. டூ ஓ க்ளொக் ஃபினிஷ்."

மார்ட்டன் என்னைப் பார்த்தார். அது இப்பகுதியில் பரவலான பெயர் என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். வாஹித்துக்கு அந்த அளவு ஆங்கிலம் புரிந்திருந்தது. "மடுல்சீமயில அந்தப் பேருல ஒத்தர்தான் சேர் ஈக்கிறாரு. நீங்கதானே வாராவாரம் டின் அனுப்பினீங்க?"

முன் இருக்கையிலிருந்த கருப்பம்மா என்கிற கொழுந்து பறிக்கும் அம்மா பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏங்க, அந்தப் புள்ளைக்கா பூவு? பொண்ணு பாத்துட்டாங்களா? போன ஞாயித்துக்கெழம எங்க லயத்துக்கு வந்து லைட்டு செஞ்சு குடுத்துச்சே, ஒரு வார்த்த சொல்லலயே!"

பஸ் சிரித்தது. பசறை தாண்டும்வரை மாப்பிள்ளைப் பேச்சுத்தான். மார்ட்டன் மட்டும் பூவை மடியில் வைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மணிக்கு றுஷாந்தன் கையிலுள்ள கிரீஸைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தார். மார்ட்டன் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் மொழிபெயர்த்தேன், இம்முறை எதையும் சுருக்கவில்லை. றுஷாந்தன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சேர், பேருக்குக் கீழ ரெண்டு வருஷம் போட்டிருக்கே. ரெண்டாவது எதுக்கு?"

விளக்கினேன். அவர் விரலால் அந்த இரண்டாவது வருஷத்தைத் தேய்த்துப் பார்த்தார்.

"அப்போ, செத்ததுக்கு அப்பறந்தான் எல்லாருக்கும் புடிச்சுதா?"

இல்லை, முதல் டின்னிலிருந்தே பிடித்திருந்தது என்று உண்மையைச் சொன்னேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் திரும்பி உள்ளே போய், உருட்டும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றார். மார்ட்டன் தன் சிறிய ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். இரண்டு பேருக்கும் பொதுவான மொழி இல்லை. ஆனாலும் ஒரு மணி நேரம் கழித்து, பெல்ட் சத்தத்துக்கு நடுவே, இருவரும் சிரிப்பது கேட்டது. மொழிபெயர்க்க என்னை அழைக்கவில்லை.

அந்த அழைப்பு இன்னமும் இருந்தது. பாஸ்போர்ட் வந்துவிட்டது, தை மாதம் றுஷாந்தன் ரொட்டர்டாம் போகிறார். லயத்தில் கருப்பம்மா அம்மா தலைமையில் கம்பளிச் சட்டை பின்னுகிறார்களாம். ஆகவே யாருக்கும் எந்த இழப்பும் இல்லை என்பதை வட்டத்தின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். களத்திலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். அது வேறு விடயம். சிற்றம்பலம் ஐயா மட்டும், "அந்தப் பிள்ளை மூண்டு வருசமா ஆருமே கேக்கேல்லை எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருக்கு, தம்பி" என்று இரண்டு தடவை சொன்னார். அவர் பழைய வாசிப்பு முறையைச் சேர்ந்தவர்.

என் நூலின் கையெழுத்துப் பிரதியையும், மூன்று ஆண்டுப் பதில்களின் முழுமையான மொழிபெயர்ப்பையும் றுஷாந்தனுக்கு அனுப்பினேன். டின்னை இனி ஏற்ற மாட்டேன் என்று வாஹித் சொல்லிவிட்டதால் தபாலில் அனுப்ப நேர்ந்தது. பிளேன்டீயையும் அவர் தொடவில்லை. பதில் தபாலட்டையில் வந்தது. களத்தின் விதிப்படி சரியாக மூன்று வாக்கியம்:

"எல்லாத்தயும் வாசிச்சேன் சேர். ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க. இனிமே என் பேர எங்கயும் எழுதாதீங்க."

முதல் இரண்டு வாக்கியங்களையும் நூலின் பின்னட்டைக்குக் கொடுத்திருக்கிறேன். கீழே அவருடைய பெயரைத் தடித்த எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது வாக்கியம் நடைக்கு ஒவ்வாதது, நீக்கிவிட்டேன்.