சிட்டம்மாள் அழும் முறை

வரதன்: அண்ணா, தண்ணி எறைக்கிற கவலை மாட்டை நிறுத்து! பன மரத்து நெழலு கெணத்துக் கல்லைத் தொட்டுடுச்சி. இனிமே தண்ணி எம் மொற.

முத்துவேல்: நிறுத்த மாட்டேன்னா சொல்றேன் வரதா? இதோ பாரு… ஹோ… ஹோ… நின்னுடுச்சா?

சிட்டம்மாள்: ஆ…ஆஆ! நைனா, ஓட்டு! ஓட்டு!

முத்துவேல்: பாத்தியா? மாடு சரிவுல எறங்கறப்ப வடக் கயித்து மேல என் மடியில குந்திக்கினு சவாரி வந்து பழகிடுச்சி. நின்னா அழுவுது. மூணு வயசு ஆவல, பெத்தவனை மெரட்டுது.

வரதன்: எறக்கி வுடு.

முத்துவேல்: எறக்கினா மண்ணுல பொரளும். உங்க அண்ணி காலையிலதான் தலைக்கு ஊத்திட்டுத் திருப்புலிவனம் போயிகீறா. வந்து பாத்தான்னா என்னைத்தான் கெணத்துல தள்ளுவா.

வரதன்: முனிரத்தினம் வூட்டு கரண்டு மோட்டாரு சுச்சியைத் தட்டினா நிக்குது…

முத்துவேல்: இந்த மோட்டாரைச் சுச்சி இல்லாமலே பெத்துட்டா உங்க அண்ணி.

வரதன்: வெளையாடாத. நேத்து நட்ட கத்திரி நாத்து தலை தொங்கிக்கினு கீது. இன்னிக்குத் தண்ணி காட்டலன்னா சருகுதான்.

முத்துவேல்: எனக்கு மட்டும் இன்னா? ஓரத்துக் கழனி ஒண்ணு பாக்கி. கதிர் வாங்கற நேரம். காஞ்சா பூராவும் பதரு. இன்னும் கொஞ்ச நேரம்… கொழந்தைக்காக.

வரதன்: கொழந்தைக்காக! சிட்டு, சித்தப்பா கிட்ட வா கண்ணு. ஏன் அழுவுற? இன்னாண்ணா, ஒரு பக்கம் கன்னம் வீங்கிகீது?

முத்துவேல்: அது… பல்லு மொளைக்குது.

சிட்டம்மாள்: சித்தப்பா, தண்ணித் தொட்டியில ஒரு பாப்பா கீது.

வரதன்: எந்தப் பாப்பா?

சிட்டம்மாள்: என் சொக்கா போட்டுக்கினு கீது. அவுத்துக் குடுக்கச் சொல்லு!

முத்துவேல்: சால் மேல வந்து தொட்டியில தண்ணி கொட்டினா அந்தப் பாப்பா ஓடிடுது. மாடு நின்னா, தண்ணி அசையாம நிக்குதா… திரும்பி வந்துடுது. அந்தக் கோவம் வேற.

வரதன்: அது உன் மூஞ்சிதான் கண்ணு!

சிட்டம்மாள்: என் மூஞ்சி இங்கதான் கீது! ஆ…ஆஆ!

வரதன்: சரி சரி, உன்னுது உன்கிட்டயே கீது. யப்பா, இன்னா பேஜாரு…

முத்துவேல்: காலையிலேர்ந்து இதே பஞ்சாயத்துதான். வெயிலு கை மேல குந்திக்கினு கீதாம், தள்ளி வுடணுமாம். காக்கா பறந்துடுச்சாம், நடந்து போவச் சொல்லணுமாம். இந்தா, கொஞ்ச நேரம் புடி. மடை ஒடைஞ்சிகீதான்னு பாத்துட்டு வரேன்.

வரதன்: போ போ. நிதானமா வா.

முத்துவேல்: வரதா! இன்னா, மடை வரைக்கும் கேட்ட அழுகைச் சத்தத்தையே காணோம்?

வரதன்: மாட்டை வேடிக்கை காட்டிக்கினு கீறேன்ணா!

முத்துவேல்: வந்துட்டேன், குடு. வா கண்ணு, குந்து… ஹேய், ஹேய்!

சிட்டம்மாள்: நிறுத்து! நைனா, நிறுத்து! ஆ…ஆஆ!

முத்துவேல்: இன்னாடி இது, புதுசா?

சிட்டம்மாள்: மாட்டுக்குக் கால் வலிக்குது.

முத்துவேல்: யாரு சொன்னா?

சிட்டம்மாள்: மாடு சொல்லிச்சி.

முத்துவேல்: எந்த மாடு?

சிட்டம்மாள்: செவல. கருப்பன் பேசாது.

வரதன்: பாவம், வாயில்லா ஜீவன். கொழந்த கிட்டயாவது சொல்லிச்சே. நிறுத்துண்ணா.

முத்துவேல்: ஹோ… நிறுத்திட்டேன்.

சிட்டம்மாள்: ஓட்டு!

முத்துவேல்: ஹேய்…

சிட்டம்மாள்: நிறுத்து!

வரதன்: அடியே, ஏதாவது ஒண்ணு சொல்லு!

சிட்டம்மாள்: மாட்டேன். ரெண்டு சொல்லுவேன்.

முத்துவேல்: கருப்பன் திரும்பித் திரும்பி நம்மள முறைக்குது வரதா. அது மட்டும் பேசினா மானம் போயிடும். ஆமா… இப்ப இன்னா, ரெண்டு பக்கமும் கன்னம் வீங்கிகீது?

வரதன்: பல்லு ஒரு பக்கமேவா மொளைக்கும்?

முத்துவேல்: அதுவும் சரிதான்.

வரதன்: அண்ணா, பங்காளிக்குள்ள சண்டை வாணாம். கொழந்தையே தீர்ப்பு சொல்லட்டும். ‘ஓட்டு’ன்னு அழுதா, ஓரத்துக் கழனி பாயற வரைக்கும் நீயே எறை. ‘நிறுத்து’ன்னு அழுதா, மாட்டை என் கையில குடுத்துடு.

முத்துவேல்: சம்மதம். கொழந்த வாயில பொய் வராது.

வரதன்: அப்புறம் பேச்சு மாறக் கூடாது.

முத்துவேல்: நீ மாறாம இரு. சிட்டு, அழும்மா.

வரதன்: சித்தப்பாவைப் பாத்து அழு கண்ணு.

முத்துவேல்: ஏன், உன்னைப் பாத்து எதுக்கு அழணும்?

வரதன்: சும்மாதான்… கண்ணுல வெயிலு படுதேன்னு…

முத்துவேல்: இன்னாடி, வாயை இறுக்க மூடிக்கினு கீற? அழும்மா, நைனாவோட தங்கமில்ல… ஏன் அழல?

சிட்டம்மாள்: இரு நைனா, வெல்லம் கரையட்டும். மொதல்ல நீ குடுத்த வெல்லத்துக்கு அழுவறேன்… அப்புறம் சித்தப்பா குடுத்த வெல்லத்துக்கு.