சிவப்பு வண்டி

— நெசத்தச் சொல்லு மாரி. ரேஸ் ஓட்டுனியா, இல்லியா?

— இல்ல காஜா பாய். ஊர்ல பத்து பேரு கேட்டாச்சு, இப்ப நீயும் கேக்கற. ரெண்டு பக்கமும் இறால் கூடை தொங்குது, பின்னாடி ஒரு கூடை. அத வெச்சிக்கினு எவன் ரேஸ் ஓட்டுவான்?

— நீ ஓட்டுவ. சோழவரத்துல ரேஸ் பாத்துட்டு வந்து ஒரு மாசம் வாயாலயே வண்டி ஓட்டிக்கினு திரிஞ்சவன்தான நீ.

— அது அப்போ. இது எட்டு வீட்டு இறாலு பாய்.

— சரி, அப்படி குந்து. கையில இன்னா கட்டு?

— தோலு போச்சு, எலும்பு கீது. அத வுடு. சாயங்காலம் குப்பத்துல ஊர் கூடுது. நீ வந்து ஒரு வார்த்தை சொல்லணும்.

— இன்னானு?

— வண்டியே கோளாறு, தெரியாம உங்க தலையில கட்டிட்டேன்னு.

— ரொம்ப நல்லாருக்கு. பழவேற்காட்டுல மெக்கானிக்குனு இருக்கறது நான் ஒருத்தன். என் கடையில வாங்கின வண்டி பதினஞ்சு மைல் போவாதுனு நானே வந்து தண்டோரா போடணும்.

— வேற வழி தெரியல பாய். ஏரியில பாடு வரிசைல இந்த வருசம்தான் எம்பேரு சேருது. மொறை வந்தா எனக்குனு ஒரு எடம், அதுல என் வலை. தப்பு என்னுதுன்னு முடிவாச்சுன்னா மூணு வருசம் பேரு கெடையாது. அடுத்தவன் வலைய கூலிக்கு இழுத்துக்கினு கெடக்கணும்.

— புரியுது. ஆனா பொய் சொல்ல வரமாட்டேன். இஞ்சினத் தொறந்து பாக்கறேன். கோளாறு என்னுதா இருந்தா நானே தோணி ஏறி வந்து ஊர் நடுவுல நின்னு சொல்றேன். போதுமா?

— போதும்.

— இப்ப நீ சொல்லு. வரிசையா சொல்லணும், எதையும் தாண்டக் கூடாது. அன்னிக்கு இன்னா நடந்துது?

— காத்தால தோணில இறால் இந்தாண்ட கரைக்கு வந்துது. வண்டி அங்கயே ரெடியா நின்னுது. கூடையக் கட்டிக்கினு கெளம்பனேன். பொன்னேரி ஸ்டேஷன்ல ஏவாரி நாகப்பன் ஆளுங்க நிப்பாங்க, வம்பு வேணாம், அனுப்பம்பட்டு போயி ஏழரை மணி ரயில்ல ஏத்திடுன்னு பேச்சு.

— நாகப்பன் வேனு இல்லாம உங்க சரக்கு நேரா பட்டணம் போறது அதான் மொத தபா.

— ஆமா. இத்தினி வருசமா அவரு சொன்னதுதான வெல. அதுக்குத்தான எட்டு வீடும் சேந்து வண்டி வாங்கனோம்.

— என் கடையில நின்னது ரேஸுல ஓடின மோட்டார் சைக்கிளு ரெண்டு. கறுப்பு ஒண்ணு, செவப்பு ஒண்ணு. கறுப்பு இன்னும் அந்தா மூலையில நிக்குது பாரு, எண்பத்தி மூணாம் வருசத்து ரேஸு நம்பரு கூட டாங்குல ஒட்டிக்கினு கீது. அத எடுங்கடானு தலபாடா அடிச்சிக்கினேன். போவட்டும். வண்டி எப்படி போச்சு?

— பூ மாதிரி போச்சு பாய். உன் கடையாண்ட ஓட்டிப் பாத்தப்பகூட அப்படி போவல. அப்ப குப்புகுப்புனு பொகை கக்கிச்சு, பசங்க கொசு மருந்து வண்டினு கிண்டல் பண்ணாங்க. அன்னிக்கு பொகையே இல்ல.

— பொகையே இல்லியா?

— ஒரு நூலு இல்ல.

— ம். அப்புறம்?

— பொன்னேரி தாண்டி, ரயில்வே கேட்டுக்கு இந்தாண்ட, இஞ்சின் சத்தம் மாறிச்சு. கீச்சுனு ஒரு கத்தல். பின்சக்கரம் அப்படியே புடிச்சிக்கிச்சு. நான் ஒரு பக்கம், கூடைங்க ஒரு பக்கம். ரோடு பூரா இறாலு. நான் அள்ளிக்கினு இருக்கறேன், நாகப்பன் வேனு வந்து நின்னுச்சு.

— எவ்ளோ நேரத்துல?

— ஒரு பீடி குடிக்கற நேரம்கூட இல்ல. ஐஸ் பொட்டியோட வந்தாரு. அடிமாட்டு வெலைதான், ஆனா எடுத்துக்கினாரு. இல்லன்னா அதுவும் நாறியிருக்கும்.

— அந்த நேரத்துல, அந்த ரோட்டுல, அந்தாளுக்கு இன்னா வேலை?

— ஏதோ நம்ம நல்ல நேரம்னு நெனச்சேன். பாய், அண்ணன் வர்றாரு.

— இங்கதான் கிறியா மாரி? ஒன்ன எங்கல்லாம் தேடறது கண்ணு. இன்னா பாய், சௌக்கியமா? செத்த வண்டியக் கட்டி இழுத்தாந்து உன் வாசல்ல போட்டுட்டானா?

— வா துளசிங்கம். தொறந்து பாக்கலாம்னு இருக்கேன்.

— எதுக்கு? செத்தத அறுத்தா பொழைக்கவா போவுது. வுட்டுத் தள்ளு. மாரி, பஞ்சாயத்தாருங்கள வீடு வீடா போயி பாத்துட்டேன். 'சின்ன புள்ள, வேகத்துல ஓட்டிட்டான், மன்னிச்சிடுங்க'னு கால்ல வுழாத கொறை. நீ ஆமான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டா, மூணு வருசத்த ரெண்டாக்கறேன்னாங்க.

— நான் வேகமா ஓட்டலண்ணா.

— எனக்குத் தெரியாதா? ஊருக்குத் தெரியணுமே. எதுத்துப் பேசினா மூணு அஞ்சாவும். நாகப்பனும் எறங்கி வந்துட்டாரு. மறுபடி அவரு வேனுக்கே சரக்கு போட்டா எல்லாத்தையும் மறந்துடறேன்னாரு. புதுசா எறக்கற பைபர் படகக்கூட என்னியே பாத்துக்கச் சொல்றாரு. எல்லாம் நம்ம நல்லதுக்குத்தான் கண்ணு. நைனா போன நாளா நான் ஒனக்குக் கெட்டது சொல்லியிருக்கேனா?

— இல்லண்ணா.

— அப்புறம் இன்னா. நான் தோணில குந்திக்கினு இருக்கேன், ஜல்தி வந்துடு. பாய், அத நோண்டாத. உனக்கும் பேஜாரு.

— வரேன்ணா. நீ போ.

— போயிட்டானா உங்க அண்ணன்?

— போயிட்டாரு பாய். தோணியாண்ட போறாரு.

— அந்த ப்ளக் ஸ்பேனர எடு. கழட்டு. கையில அடிபட்டிருந்தா குடு, நான் கழட்டறேன்.

— வந்துடுச்சு, இந்தா.

— நுனி இன்னா கலர்ல கீது?

— வெள்ளையா. சுண்ணாம்பு கணக்கா.

— என் கையில இருந்து போவசொல்ல கறுப்பா, ஈரமா இருந்துது. இரு, இஞ்சின் ஹெட்டத் தூக்கறேன். அந்த பிஸ்டன் பக்கத்துல வெரல வெச்சிப் பாரு.

— சொரசொரன்னு கீது பாய். ஆணியால கிழிச்சா மாதிரி. பசையே இல்ல.

— பசை எப்படி இருக்கும்? எண்ணெயே உள்ள போவல. கறுப்பு நாலு ஸ்ட்ரோக்கு. அதுக்கு வயித்துலயே எண்ணெய் கெடக்குது. இந்தச் செவப்பு ரெண்டு ஸ்ட்ரோக்கு. இதுக்கு சோத்துல பெசஞ்சிதான் ஊட்டணும். பெட்ரோல்ல எண்ணெயக் கலந்து ஊத்தினாத்தான் உள்ள போவும். அது எரியறதுதான் பொகை. பொகை இல்லன்னா எண்ணெய் இல்லன்னு அர்த்தம்.

— நீதான் கலந்து ஊத்திக் குடுத்தியே.

— டாங்கு நெறைய ஊத்தினேன். கூட ஒரு டின்னு எண்ணெயும் குடுத்தேன். இவ்ளோ நேரம் நான்தான் அளவு தப்பா ஊத்திட்டேனோன்னு என்னியே கேட்டுக்கினு இருந்தேன். நான் ஊத்தினது எங்க போச்சு?

— அத கரையில கொட்டியாச்சு பாய்.

— கொட்டியாச்சா? யாரு?

— அண்ணன்தான். பழைய படகு வாங்கினா, முன்னாடி வெச்சிருந்தவன் காலத்துத் தண்ணி ஒரு சொட்டு இல்லாம எறைச்சி ஊத்திட்டு, துணியால தொடச்சிட்டுதான எங்காளுங்க எறக்குவோம். வண்டிக்கும் அதான் மொறைன்னாரு. எவனோ ரேஸுல ஓட்டின பெட்ரோலு நம்ம சரக்கோட போவக் கூடாதுன்னாரு. ஊரே சரின்னுச்சு. புது பெட்ரோலு வீட்டுக்குப் பெரியவரு, அண்ணன் கையாலதான் ஊத்தணும். ஓட்டறவன் அந்நேரம் கிட்ட நிக்கக் கூடாது, முழுக்கு போட்டுட்டு வரணும். நான் குளிக்கப் போனேன்.

— நான் குடுத்த எண்ணெய் டின்னு?

— அண்ணன் வீட்டு எறவாணத்துல சொருகி கீது. நேத்து பாத்தேன். மூடியே தொறக்கல. பாத்தும் எனக்குத் தோணல பாய்.

— இப்பத் தோணுதா?

— மறந்துட்டாரு. அவருக்கு இன்னா தெரியும் மோட்டாரப் பத்தி? துடுப்பும் பாயும் தெரிஞ்ச ஆளு. கெளம்பசொல்ல, 'பொகை வரல பாத்தியா, இஞ்சின் சுத்தமா கீது'னு முதுகுல தட்டி அனுப்பனாரு. தெரிஞ்சிருந்தா தட்டுவாரா?

— சரி. ஊர்ல இன்னா சொல்லப் போற?

— ரேஸ் ஓட்டினேன்னு சொல்லிடறேன்.

— டேய், இன்னா பேசற நீ?

— வேற இன்னா பண்ணச் சொல்ற? அண்ணன் மறந்துட்டாருன்னு வாயத் தொறந்தா எட்டு வீடும் அவரு மேல பாயும். வீட்ல ரெண்டு பொட்டப்புள்ளைங்க கீது. நான் ஒண்டிக்கட்டை. ரெண்டு வருசம் கூலிக்கு இழுத்தா தேஞ்சிட மாட்டேன். நைனா செத்தப்ப எனக்கு ஏழு வயசு பாய். தான் துன்னாம எனக்குப் போட்டு வளத்தவரு. ஒரு டின்னு எண்ணெய மறந்ததுக்கு அவர ஊர் நடுவுல நிக்க வெக்கச் சொல்றியா?

— நான் ஒண்ணும் சொல்லல.

— சொல்லாத. யார்கிட்டயும் சொல்லாத. அந்த இஞ்சின மூடிடு. நான் வரேன்.

— மாரி, குந்து.

— அண்ணன் தோணில காத்துக்கினு கிறாரு.

— இருக்கட்டும். வண்டி எடுக்க வந்த அன்னிக்கு நீ செவப்பு மேல ஏறி ரோட்டுல வட்டம் போட்டுக்கினு இருந்த. நான் உங்க அண்ணன்கிட்ட கறுப்புதான் கூடை சொமக்கும்னு சொல்லிக்கினு இருந்தேன்.

— தெரியும். செவப்புதான் லேசு, தோணில ஏத்தி எறக்க அதான் தோதுன்னாரு.

— அந்த வண்டி ஒரு தபாவாச்சும் தோணில ஏறிச்சா?

— இல்ல. கரையிலயேதான் நிக்கும்.

— செவப்புதான் லேசுன்னு சொல்றதுக்கு முன்னாடி உங்க அண்ணன் எங்கிட்ட ஒண்ணு கேட்டான். ஜாக்கிரதைக்குக் கேக்கறான், பொறுப்பான ஆளுன்னுதான் நெனச்சேன். இந்த பிஸ்டனப் பாக்கற வரைக்கும் அப்படித்தான் நெனச்சேன்.

— இன்னா கேட்டாரு?

— எண்ணெய் கலக்காம வெறும் பெட்ரோலு ஊத்தி ஓட்டினா இந்த ரெண்டுல எது நடுரோட்டுல நின்னுடும்னு கேட்டான். செவப்புதான், பதினஞ்சு மைலு தாண்டாதுன்னேன். 'அப்ப செவப்பே குடு பாய்'னான்.