ஒட்டாமல் விட்ட ஃபோம்

ஃபோம் பிளாஸ்திரி ஒட்டறதுக்கு முன்னாடி தோலைத் துடைச்சு நல்லா உலர விடோணுங்க சார். ஈரத்துல ஒட்டினா ஓரம் சுருண்டுக்கும். ஊட்டுக்கு வந்த நர்ஸ், ஜோதி சிஸ்டர்தான் சொல்லிக் கொடுத்தாங்க.

என் பேரு மோகன்குமார். போர் போடற ரிக் வண்டியில டிரில்லர். வருசத்துல பாதிக்கு மேல வடக்கேதான். எங்க ஊட்டுக்காரி சத்யபிரியா திருச்செங்கோட்டுல கணக்கு டீச்சர். லீவுல வந்தாலும் நான் விருந்தாளி மாதிரிதான். சக்கரை எந்த டப்பாவுல இருக்குதுன்னுகூட அவளெக் கேக்கோணும். மாசி மாசம் அவ ஸ்கூட்டர் மேல லாரி இடிச்சு முதுகெலும்பு போச்சு. இடுப்புக்குக் கீழே ஒண்ணும் தெரியாது. ரிக்கை விட்டுட்டு வந்துட்டேன்.

"புண்ணே இல்லையே, எதுக்குங்க பிளாஸ்திரி?"ன்னு சிஸ்டர்கிட்டக் கேட்டேன்.

"வராம இருக்கத்தாங்க. படுத்தே இருந்தா எலும்பு தோலை அமுக்கும், துணி உரசும். இந்த ஃபோம் அதைத் தாங்கிக்கும், வேர்வையை இழுத்துக்கும். அதுக்காகப் புரட்டிப் படுக்க வைக்கறதை விட்டுடாதீங்க. தினமும் ஓரத்தைத் தூக்கித் தோலைப் பாருங்க."

வால் எலும்பு மேலயும் குதிகால்லயும் ஒட்டுவேன். புரட்டுவேன். தலை சீவி விடுவேன். அவ வாய் நிறைய "மாமா, மாமா"ன்னு கூப்பிட்டது அப்பத்தாங்க. சந்தோசமா இருந்தேன். சொல்லக் கூச்சமா இருக்குது.

அப்புறம் கோயமுத்தூர்ல ஒரு பயிற்சி மையத்துல இடம் கிடைச்சுது. வீல்சேர்ல தானா ஏறி இறங்கப் பழக்குவாங்க, திரும்ப ஸ்கூலுக்கே போலாம்னாங்க. உடம்புல புண்ணு இருந்தா மட்டும், ஆறின பொறவுதான் சேத்துக்குவாங்க.

அவ சிரிச்சுக்கிட்டே சொன்னா: "இனி நீங்க ரிக்குக்குப் போலாமுங்க மாமா. என்னெ நானே பாத்துக்குவேன்."

அன்னைக்குச் சாயங்காலம் வால் எலும்பு மேல இருந்ததை உரிச்சேன். திரும்ப ஒட்டலை. புரட்டறதையும் குறைச்சுக்கிட்டேன். கொஞ்சம் செவந்தாப் போதும், பயணம் தள்ளிப்போகும்னுதான் நினைச்சேன். சிஸ்டர் வர்ற அன்னைக்கு மட்டும் புதுசா ஒண்ணு ஒட்டி வெப்பேன். "இப்பத்தாங்க மாத்தினேன்"னா நம்பிடுவாங்க.

"பின்னாடி எப்படி இருக்குதுங்க?"ன்னு அவ கேப்பா. அவளால பாக்க முடியாதில்லீங்களா.

"பூவாட்டம் இருக்குது கண்ணு."

செவந்துது. அப்புறம் கறுத்துது. குழி விழுந்தப்ப சிஸ்டரை வர வேண்டாம்னுட்டேன். வாடை வந்தப்ப ஊதுவத்தி பத்த வெச்சேன். அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம். சொன்னா அவ என்னெப் பாக்கற பார்வை மாறிடுமே. குளிர்காய்ச்சல் வந்து தூக்கிட்டுப் போனப்ப, புண்ணோட விஷம் ரத்தத்துல கலந்துடுச்சுன்னாங்க.

ஆமாங்க இன்ஸ்பெக்டர் சார், தெரிஞ்சேதான் செஞ்சேன்.

ஆஸ்பத்திரியில டாக்டர் என்னெத் திட்டினப்ப, அவ மூச்சு வாங்க வாங்கச் சொன்னா: "அவரெ ஒண்ணும் சொல்லாதீங்க. என்னெக் கொழந்தையாட்டம் பாத்துக்கிட்டாருங்க." அவ கடைசியாப் பேசினது அதுதாங்க.

நான் பொய் சொல்றவன் சார். சத்யா பொய்யே சொல்ல மாட்டா. அவ சொன்னதையே எழுதிக்குங்க.