ஒவ்வாமை: ஏதும் இல்லை

இந்த நாற்காலிக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை, ஐயா. உட்கார்ந்ததிலிருந்து ஆடிக்கொண்டே இருக்கிறது. ஒரு காகிதத்தை நாலாக மடித்து அடியில் செருகினால் சரியாகிவிடும். செருகிவிட்டேன், பாருங்கள், இப்போது ஆடவில்லை. இப்படிச் சின்னச் சின்ன ஆட்டங்கள் கண்ணில் பட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. என் மனைவி இதைச் சொல்லியே என்னைக் கேலி செய்வாள்.

வாக்குமூலம் கொடுக்க நீங்கள் வியாழக்கிழமை வரச் சொன்னீர்கள். இன்றைக்கே வேண்டும், அதுவும் காலை பத்து மணிக்கே வேண்டும் என்று அடம்பிடித்து நேரம் வாங்கியவன் நான்தான். கைபேசியை வாசலில் உங்கள் ஆள் வாங்கித் தட்டில் வைத்துக்கொண்டார். இங்கே அதுதான் விதி என்றார். விதிப்படி நடக்கிற இடம் என்றால் எனக்குப் பிடிக்கும். அந்தச் சுவர்க் கடிகாரம் சரியாகத்தானே ஓடுகிறது? பத்து ஐந்து. சரி, ஆரம்பிக்கிறேன்.

மருத்துவமனைக் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பதினோரு வருடம் ஆகிறது. சேர்ந்த புதிதில் தோளில் ஒயர்ச் சுருளோடு மாடி மாடியாக அலைந்ததால் எனக்கு ஒயர் என்றே பெயர் விழுந்துவிட்டது. டாக்டர்களுக்கு நான் ஒயர், நிர்வாகிக்கும் ஒயர், கேண்டீனில் காசு வாங்குகிறவருக்குக்கூட ஒயர். நாலாம் மாடித் தலைமை நர்ஸ் ஒருவர்தான் என்னைத் தம்பி என்பார். அவரை நான் அக்கா என்பேன். மேலே போனால் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து முதல் இரண்டை என் கையில் திணித்துவிட்டுத்தான் என்ன கோளாறு என்றே சொல்ல ஆரம்பிப்பார். உங்கள் மேஜைமேல் இருக்கும் அந்தப் பச்சைக் கோப்பு அவருடையதுதான் என்று நினைக்கிறேன்.

எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று வார்டுத் திரையில் காட்டும் செயலியை நான்தான் எழுதினேன். ஊசி போடும் முன் நர்ஸ் அதைப் பார்த்தாக வேண்டும். முன்பெல்லாம் அது தரைத்தளத்தில் என் மேஜைக்கடியில் இருந்த கணினியில் ஓடியது. வெயில் ஏறினால் படுத்துவிடும். அதனால் கிளவுடுக்கு மாற்றினோம். அதாவது வேறொரு கம்பெனியின் கணினியில் வாடகைக்கு இடம் பிடித்து, செயலியை அங்கே குடிவைத்தோம். தகவல்கள் இருக்கும் டேட்டாபேஸையும் அந்தக் கம்பெனியே பார்த்துக்கொள்ளும். பிரதி எடுப்பது, பூட்டுப் போடுவது, பழுது பார்ப்பது எல்லாம் அவர்கள் பாடு. செயலியையும் டேட்டாபேஸையும் இணைப்பது மட்டும் என் பாடு.

கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? டேட்டாபேஸ் தனக்குத் தெரிந்த முகவரியிலிருந்து யாராவது வந்தால்தான் கதவைத் திறக்கும். செயலியின் முகவரியோ முதல் மூன்று வாரம் கிளவுடுக்குள் மாறிக்கொண்டே இருந்தது. முகவரி மாறினால் இணைப்பு அறுந்துவிடும். அறுந்தால் வார்டுத் திரை முழுவதும் சிவப்பாகி, 'தகவல் கிடைக்கவில்லை' என்று வரும். அந்த வாசகமும் நான் எழுதியதுதான். நல்ல வாசகம், இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு நாள் பெரிய டாக்டர் பத்துப் பேர் சூழ வார்டைச் சுற்றி வரும் நேரத்தில் திரை சிவந்துவிட்டது. நான் ஓடிப்போய் நின்றேன். அவர் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"என்ன ஒயர், உன் கம்ப்யூட்டருக்கு இன்னிக்கும் காய்ச்சலா? மூணாவது பெட் காலியாத்தான் இருக்கு. அட்மிட் பண்ணிடலாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று மதியமே செயலியில் மூன்று வரி எழுதிச் சேர்த்தேன். டேட்டாபேஸ் பதில் சொல்லாவிட்டால் கூச்சல் போடாதே. வெறும் பட்டியலைக் கொடுத்துவிட்டுப் பின்னால் மறுபடி முயன்றுகொண்டிரு. என் கைபேசிக்கு மட்டும் தகவல் அனுப்பு. அவ்வளவுதான். வெறும் பட்டியல் வந்தால் திரை பச்சை எழுத்தில் 'ஒவ்வாமை: ஏதும் இல்லை' என்று காட்டும். பெயரும் படுக்கை எண்ணும் காலையிலேயே எடுத்து வைக்கப்பட்டவை என்பதால் அவை அப்படியே நிற்கும். ஒவ்வாமையை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கும்படி செய்திருந்தேன், பழைய தகவலை நம்பி யாரும் ஏமாந்துவிடக் கூடாது என்று. முகவரிச் சிக்கல் தீர்ந்ததும் மூன்று வரியையும் எடுத்துவிடலாம் என்றிருந்தேன். சிக்கல் அந்த வாரமே தீர்ந்தது. வரிகள் இருந்துவிட்டன. பெரிய டாக்டர் என்னைப் பார்த்தால் தலையசைக்க ஆரம்பித்திருந்தார்.

மணி என்ன, பத்து இருபதா? கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன். இல்லை, மின்விசிறி போதும், கூட்ட வேண்டாம்.

இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். டேட்டாபேஸின் பாஸ்வேர்டைத் தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை, காலை பத்து மணிக்கு, கம்பெனியே மாற்றிவிடும். புதியதை ஒரு பெட்டகத்தில் வைக்கும். செயலி ஒவ்வொரு முறையும் அந்தப் பெட்டகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது முறை. நான் கிளவுடுக்கு மாற்றிய அவசரத்தில் பாஸ்வேர்டைக் கையாலேயே செயலிக்குள் தட்டி வைத்திருந்தேன். எங்கள் தொழிலில் எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற காரியம். பெட்டகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அந்த அப்புறம் வருவதே இல்லை.

முதல் தொண்ணூறு நாள் ஒரு செவ்வாய்க்கிழமை முடிந்தது. பத்து மணிக்குப் பாஸ்வேர்டு மாறியது. ஏற்கெனவே திறந்திருந்த இணைப்புகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன, புதிதாகப் போனவற்றை டேட்டாபேஸ் உள்ளே விடவில்லை. பத்தேகாலுக்கு என் சட்டைப்பையில் கைபேசி துடித்தது. எடுத்துப் பார்த்ததுமே என்ன நடந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. இதை நான் மறைக்கவில்லை. பத்தேகாலுக்கே தெரியும்.

சரிசெய்ய நாலு நிமிடம் போதும். புதிய பாஸ்வேர்டைப் போட்டுச் செயலியை நிறுத்தித் தொடங்க வேண்டும். அந்த நாலு நிமிடம் எல்லாத் திரையும் அணைந்து கிடக்கும். ஆனால் அப்போது நிர்வாகி வேறொரு மருத்துவமனையிலிருந்து நாலு பேரை அழைத்துக்கொண்டு என் அறைக்குள் நுழைந்துவிட்டார். எங்கள் செயலியை அவர்களும் வாங்குவதாகப் பேச்சு. "இது வந்ததுலேர்ந்து ஒரு நிமிஷம்கூட நின்னதில்ல, நம்ம ஒயர் கைவண்ணம்," என்று என் முதுகைத் தட்டினார். பதினோரு வருடத்தில் அவர் என்னை யாரிடமும் அறிமுகப்படுத்தியதில்லை. அவர்கள் கிளம்பியதும் செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். நீங்கள் என் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

பதினொன்றேகாலுக்கு மேஜைத் தொலைபேசி அடித்தது. அக்கா.

"தம்பி, பதினாலாம் பெட்டு டிரைவர் இருக்காரில்ல, அவருக்கு ஊசி போடணும். அவரு சம்சாரம் சேர்க்கும்போது ஏதோ ஒத்துக்காதுன்னு சொன்ன மாதிரி லேசா ஞாபகம். அவங்க வீட்டுக்குப் போயிருக்காங்க, போன் எடுக்கல. இவரு மயக்கத்துல கேட்டதுக்கெல்லாம் உம் கொட்டறாரு. ஸ்கிரீன்ல ஒண்ணும் இல்லன்னு காட்டுது. சரியாத்தானே இருக்கு?"

விருந்தாளிகள் நாலு பேரும் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். நிர்வாகி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்கிரீன்ல என்ன இருக்கோ அதான் அக்கா," என்றேன்.

"அப்பாடா. நீ சொன்னா சரி தம்பி," என்று வைத்துவிட்டார்.

விருந்தாளிகளில் ஒருவர், வார்டிலிருந்து நேரடியாகக் கூப்பிட்டுக் கேட்கும் பழக்கம் நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார்.

டிரைவருக்கு முப்பத்துநாலு வயது. பஸ் ஓட்டுகிறவர். கால் முறிந்து சேர்ந்திருந்தார், கால் நன்றாகத்தான் கூடிக்கொண்டிருந்தது. பென்சிலின் அவருக்கு ஆகவே ஆகாது. அவர் மனைவி அதைத் தெளிவாகச் சொல்லியிருந்தார், தகவலும் டேட்டாபேஸில் பத்திரமாக இருந்தது. ஊசி போட்ட இருபதாவது நிமிடம் மூச்சு நின்றுவிட்டது. பன்னிரண்டு மணிக்கு விருந்தாளிகளை வாசல்வரை அனுப்பிவிட்டு வந்து நான் பாஸ்வேர்டை மாற்றினேன். சரியாக நாலு நிமிடம்தான் ஆனது.

வெளியே அடிப்பது என் கைபேசிதான், ஐயா. அந்த மெட்டு என்னுடையது. அடிக்கட்டும், தானாக நின்றுவிடும்.

இரண்டு மணிக்கு விசாரணைக்கு வந்தவர்கள் திரையைப் பார்த்தார்கள். 'பென்சிலின்: கடும் ஒவ்வாமை' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அக்கா அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். பிறகு, "அப்ப இது இல்லீங்க. சத்தியமா இல்லீங்க. தம்பிகிட்ட போன் பண்ணிக் கேட்டேன், அவரைக் கேளுங்க," என்றார். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பிரிண்டரில் காகிதம் சிக்கியதாக அக்கா கூப்பிட்டார் என்று சொன்னேன். அந்தப் பிரிண்டரில் அடிக்கடி காகிதம் சிக்கும், அது பொய்யில்லை. அந்த அழைப்பு வந்தபோது என் பக்கத்திலேயே நின்றிருந்த நிர்வாகியும் எதுவும் நினைவில்லை என்று சொல்லிவிட்டார். அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

செயலியின் பதிவேட்டை நான் அழித்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். அழிக்கவில்லை. இணைப்பு அறுந்த விவரங்களை அதில் எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று குறிக்க ஒரு கட்டம் உண்டு. முப்பது என்றிருந்ததை ஒன்று என்று மாற்றினேன். மறுநாள் அது தானாக அழிந்தது. அந்த மூன்று வரியையும் நான் தொடவில்லை, பெட்டகத்தோடும் இணைக்கவில்லை. செயலியில் எதைத் திருத்தினாலும் தேதியும் என் பெயரும் பதிவாகும். ஒருவர் இறந்த மறுநாள் திருத்தினால் என்ன நினைப்பார்கள்? கொஞ்ச நாள் போகட்டும் என்று விட்டேன்.

அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நர்ஸ் உரிமத்தை வாங்கிக்கொண்டார்கள். வழக்கும் போட்டார்கள். டிரைவரின் மனைவி ஆஸ்பத்திரி வாசலில் அக்காவைத் தோளைப் பிடித்து உலுக்கியதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அக்கா கையைக்கூடத் தட்டிவிடவில்லை. எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

போன மாதம் அக்கா என் வீட்டுக்கு வந்தார். இளைத்துப் போயிருந்தார். கையில் பிஸ்கட் பொட்டலம், என் மகளுக்காம். சோபாவின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "நான் வேற ஒண்ணும் கேக்கலப்பா. நான் கூப்பிட்டுக் கேட்டேன்னு மட்டும் சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க," என்றார். எனக்கு அவர் பேச்சில் ஒரு குற்றமும் தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் படியிறங்கிப் போனதும் என் மனைவி, "நெஜமாவே பிரிண்டருக்குத்தான் கூப்பிட்டாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் பொட்டலத்தைப் பிரிக்காமல் அலமாரிக்கு மேல் வைத்தாள். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. மகள் கேட்டாலும் எடுத்துத் தருவதில்லை. இப்போதெல்லாம் அவள் என்னைக் கேலியும் செய்வதில்லை.

அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. குழாயைத் திருகித் திருகிப் பார்க்கிறேன், கதவு கீல்களுக்கு எண்ணெய் விடுகிறேன். வீட்டில் பழுதுபார்க்க இனி ஒன்றும் பாக்கியில்லை. அக்காவை எப்படியாவது காப்பாற்றுவது என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

ஆனால் என் வாய்ச்சொல்லை வைத்து நீங்கள் என்ன செய்ய முடியும்? பதிவேடு இல்லை. அக்கா மேலிருக்கும் பாசத்தில் ஒருவன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறான் என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவீர்கள். கண்ணால் பார்த்தால்தான் நம்புவீர்கள். அதனால்தான் வியாழக்கிழமை சரிப்படாது என்றேன். அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து இன்று தொண்ணூறாவது நாள்.

பத்து மணிக்குப் பாஸ்வேர்டு மாறியிருக்கும். நான் கையால் போட்டது அப்படியே பழையதாகத்தான் இருக்கிறது. பத்தேகாலுக்குள் எல்லா இணைப்பும் போயிருக்கும். இப்போது பதினொன்று ஐந்து. நாலாம் மாடியில் இருபத்தாறு படுக்கை, இருபத்தாறும் பச்சையாக, ஏதும் இல்லை என்று காட்டிக்கொண்டிருக்கும். பதினோரு மணி அங்கே ஊசி நேரம். உங்கள் கணினியிலேயே பார்க்கலாம், எப்படி என்று சொல்கிறேன். பார்த்துவிட்டால் அக்கா சொன்னது உண்மை என்று நீங்களே எழுதிவிடலாம். உட்காருங்கள் ஐயா, கதவைத் திறந்து யாரைக் கூப்பிடப் போகிறீர்கள்? நான் இன்னும் கையெழுத்தே போடவில்லை.

மறுபடி அடிக்கிறது, கேட்கிறதா? நாலாம் மாடியாகத்தான் இருக்கும். அக்கா இடத்துக்கு வந்திருக்கும் பெண் கெட்டிக்காரி, சந்தேகம் வந்தால் என்னைக் கேட்காமல் ஊசியைத் தொடமாட்டாள். நான் எடுக்காவிட்டால் திரையைப் பார்த்து அவளே முடிவு செய்துகொள்வாள். அது அவள் பொறுப்பு. என்னைப் பொறுத்தவரை, இந்த முறை நான் யாரிடமும் எந்தப் பொய்யும் சொல்லவில்லை.